சுமைகூலி

சிகாகோவிலிருந்து லிஸ்பனுக்கு டிக்கெட் மலிவுதான்.
நெப்ராஸ்காவில் எங்கள் வாசற்படியிலிருந்து
சிகாகோவுக்குப் போவதுதான் விலை.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
எல்டன் கணக்கு நோட்டை மூடிவிட்டு
கொட்டகைப் பக்கம் பார்த்தான்.
அங்கே நின்றது எங்கள் செஸ்னா,
இரண்டே இருக்கை,
என்னைவிட இரண்டு வயது இளையது,
குளிர்காலையில் என்னைவிடக் குறைவாக இருமுவது.

குளியலறைத் தராசைக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம்.
முதலில் பெட்டிகள். பிறகு நான்.
பிறகு எல்டன், காலணியோடு;
மறுபடியும் எல்டன், காலணி இல்லாமல்.
மருத்துவரிடம் பொய் சொல்லலாம்,
இறக்கையிடம் செல்லாது.
அவனுடைய இரண்டாவது கோட்டு வீட்டிலேயே தங்கிற்று.

வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
நாற்பத்தொரு பிள்ளைகளைக் கேட்ட காதுக்கு
இந்த எஞ்சின் இரைச்சலே இல்லை.
கீழே மக்காச்சோளம், அதற்கப்பால் மக்காச்சோளம்.
எதிர்க்காற்றில்
நெடுஞ்சாலை லாரி ஒன்று எங்களை முந்திப்போனது.
எல்டன் அதை நோட்டில் எழுதவில்லை.

அயோவாவின் கிழக்கே மேகம்
அடுப்படிச் சுவர் போலக் கறுத்து நின்றது.
"போயிடலாமே," என்றான்.
திருப்பித் தராத டிக்கெட் பேசியது அது.
பதில் சொல்லாமல் இடப்பக்கம் சாய்த்தேன்.

பெயர் படிக்க நேரமில்லாத ஊர்.
ஓடுபாதை ஓரத்தில் ஒரு முயல்,
ஆளில்லாத அறை, ஆணியில் ஒரு கார் சாவி.
பக்கத்தில் அட்டை:
எடுத்துப் போங்கள், பெட்ரோல் போட்டு வையுங்கள்.
யாரென்று தெரியாதவரின் காரில்
யாரென்று தெரியாத ஊருக்குள் போய்
ஆப்பிள் பை தின்றோம்.
எல்டன் நிமிடங்களைத் தின்றான்.

நாலு மணிக்குச் செய்தி வந்தது:
புயல் காரணமாக லிஸ்பன் விமானம் ஏழு மணி நேரம் தாமதம்.
பூனையை நனைத்த மழை
ஆனையையும் விடவில்லை.
அன்றைக்கு அவன் முதல்முறையாகச் சிரித்தான்.
காருக்குப் பெட்ரோல் போட்டோம், கொஞ்சம் கூடுதலாகவே.

பெரிய விமானத்தில் முப்பத்தெட்டாம் வரிசை.
முன்னால் என்ன இருக்கிறதென்று காட்டாத ஜன்னல்.
அது திரும்பும்போதெல்லாம்
என் கால்கள் முன்னிருக்கைக்கு அடியில்
இல்லாத மிதிகளைத் தேடின.
அட்லாண்டிக்கை நான் கடக்கவில்லை;
திரையில் ஒரு வெள்ளைப் பொம்மை கடந்தது.

எவோராவுக்கு வெளியே
வாடகைக்கு ஒரு செஸ்னா, எங்களுடையதன் உடன்பிறப்பு.
அதே விரிசல் விட்ட வெயில் மறைப்பு,
கட்டைவிரல் தேய்த்த அதே குமிழ்.
ஆனால் என் உரிமம் இங்கே தனியாகப் பறக்காது:
பக்கத்தில் உள்ளூர் விமானி ஒருவர் வேண்டும்.
டெல்ஃபினா, வயது இருபத்துமூன்று, நகங்களில் மஞ்சள் பூச்சு.
இரண்டு இருக்கை.
நானும் அவளும்.
எல்டன் வேலியோரம் நின்றான்,
என் கோட்டையும் பிடித்துக்கொண்டு.

இதை நாங்கள் எந்தப் பக்கத்திலும் கூட்டியிருக்கவில்லை.

மேற்கே போனோம். கார்க் மரங்கள், பிறகு மணல்,
பிறகு தரை தீர்ந்துபோனது.
எஞ்சின் நின்றால் இறங்க
எப்போதும் ஒரு வயலைப் பார்த்துவைப்பேன்,
முப்பது வருடப் பழக்கம்.
கண் கீழே தேடிற்று. நீலம். இன்னும் தேடிற்று.
"கரை எட்டும் உயரத்தில்தான் இருக்கிறோம்," என்றாள் டெல்ஃபினா.
என் விரல்கள் அதை நம்பக் கொஞ்சம் நேரமாயிற்று.
பிறகு, எதற்கென்று தெரியாமல்,
உரக்க எல்டனைக் கூப்பிட்டேன்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டான்.
"உப்பு வாசனை உள்ளே வருகிறது," என்றேன்.
அதற்கு மேல் வரவில்லை.

வீடு திரும்பி மேஜையில் நோட்டை விரித்தான்.
சேமித்தது பதினோரு டாலர்.
அயோவா பெட்ரோலை விட்டுவிட்டாய் என்றேன்.
சேர்த்தான். கழித்தான்.
நாலு டாலர்.

பென்சிலை எச்சில் தொட்டு, கீழே,
எண்களுக்குரிய கட்டத்தில் எழுதினான்:
அடுத்த தடவை
மூன்றாவது இருக்கை.