கால் சுற்று

கட்டபெட்டு பஸ்ஸில் ஏற்றத் தோதாக
நடுவில் மடங்கும் சைக்கிள்.
மடித்தாலும் கன்றுக்குட்டி அளவு;
கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிடுவார்.

எல் ஃபோர், எல் ஃபைவ் என்று
டாக்டர் தொட்டுக் காட்டிய எலும்புகளுக்காக
சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் தண்டு வாங்கினேன்.
தொண்ணூறு கிலோ ஆளுக்கானதாம்.
நான் நாற்பத்தெட்டு.
உட்கார்ந்தால் அசையக்கூட இல்லை.

யூனுஸ் அதைப் பிரித்து
எதிலிருந்தோ கழற்றிய மெல்லிய சுருளைப் போட்டான்.
ஹேண்டில்பாருக்கும் ஒரு மூட்டு வைத்தான்.
"இனிமே மெத்தைதான்க்கா."

மெத்தைதான்.
தேயிலை லாரிகள் தோண்டிய குழிகள்
பக்கத்து வீட்டுச் சண்டைபோல்
கீழே எங்கோ நடந்தன.

அன்றிரவு மூடுபனி.
டார்ச் வெளிச்சம் முன்சக்கரத்தோடு நின்றுவிட்டது.
மூன்று வெட்டு தாண்டினால் பேக்கரி,
பாலத்து விளிம்பில் ஒரு தூக்கல்,
அப்புறம் என் வீட்டுத் திருப்பம்:
பதினோரு வருஷமாய் முதுகே எண்ணி வந்த கணக்கு.
அன்று அது எண்ணவில்லை.
செக்போஸ்ட் நாய் குரைத்தபோதுதான் தெரிந்தது,
வீடு பின்னால் போய் வெகுநேரம்.

காலையில் ஆலன் கீயை எடுத்து
முன் மூட்டை மட்டும் கால் சுற்று இறுக்கினேன்.
இடுப்பு தூங்கட்டும்;
கைக்குக் கொஞ்சம் ரோடு வேண்டும்.

யூனுஸிடம் சொல்லவில்லை.