கைகள் நீங்கலாக

மேல் வலக்கையில் கதை.
மேல் இடக்கையில் சக்கரம்.
கீழ்க்கைகள் இரண்டும்
மணிக்கட்டோடு போய்விட்டன.

நௌகாவ் பக்கம் ஒரு குளத்தைத் தூர்வாரிய
பொக்லைன் ஓட்டுநர் மொக்லேஸ்
சோற்றில் கல் கடிபட்டது போலிருந்தது என்றான்.
ஒரு ராத்திரி முழுக்கக் காவல் நிலையத்தில்
பறிமுதலான மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே
சிரித்தபடி நின்றிருக்கிறார்.
காலையில் வேன் ஏறி என்னிடம் வந்தார்.

நான் அருங்காட்சியகப் பதிவேட்டு எழுத்தன்.
வெள்ளி தவறாமல் தொழுகிறவன்.
இவருடைய இருபத்துநான்கு பெயரும்
எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

முகம் அதே முகம்,
முழங்காலுக்குக் கீழே தொங்கும் மாலையும் அதே மாலை.
கையில் இருப்பது இடம் மாறினால்
ஆளே மாறிவிடுவார்.
கீழ் வலத்தில் தொடங்கி மேலேறி
இடப்பக்கமாக இறங்கிப் படிக்க வேண்டும்.
தாமரை, சங்கு, சக்கரம், கதை: கேசவன்.
சங்கு, தாமரை, கதை, சக்கரம்: நாராயணன்.
நூலுக்கு நூல் வரிசை தடுமாறும்.
எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பட்டியல் போதும்;
மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது,
தேநீர்க் கறையோடு.

கதையும் சக்கரமும் மேலே இப்படி நின்றால்
மிஞ்சுவது இரண்டே பெயர்.
கீழ் வலத்தில் தாமரை, இடத்தில் சங்கு என்றால்
திரிவிக்கிரமன். உலகை அளந்தவன்.
சங்கு வலத்துக்கும் தாமரை இடத்துக்கும் போனால்
உபேந்திரன். இந்திரனுக்குத் தம்பி,
குள்ளனாய்க் குடை பிடித்து வந்து கேட்டவன்.

இந்தப் பக்கத்து மண்ணில்
அடிக்கடி கிடைப்பவன் முன்னவன்தான்.
பேனா தானாகவே ‘திரி’ வரைக்கும் போய்விட்டது.

அப்போது உள்ளே வந்தாள் புத்னி கிஸ்கு,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
சாமியைக் கேட்டு வரவில்லை.
“கிடைத்த இடத்தையும் எழுதுவீர்களாமே.
அதில் நிலம் யாருடையது என்று வருமா?”

வரும். ஏழாவது கட்டம்.
தொஜம்மல் பிராமாணிக், பட்டாதாரர்,
என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன்.

முதலில் வைக்கோல் போர் போட
மூன்று காட்டா நிலம் கேட்டாராம்.
கை கூப்பித்தான் கேட்டாராம்.
பிறகு அமீன் வந்து சங்கிலி இழுத்தான்.
முதல் இழுப்பில் நெல் வயல் போனது.
அடுத்ததில் மூங்கில் தோப்பும் புதைகுழிகளும்.
மூன்றாவது இழுப்பு வந்தபோது
மாமனார் நகராமல் உட்கார்ந்திருந்தார்.
அதற்குமேல் அவள் சொல்லவில்லை.
அந்தக் குழிதான் குளம்.

மகாபலியை அவளுக்குத் தெரியாது.
நானும் சொல்லவில்லை.
சொல்வதென்றால்
யார் பக்கம் நின்று சொல்வது?

உடைந்த மணிக்கட்டுகளை
வெகுநேரம் பார்த்தாள்.
வெட்டுவாயில் விரல் வைத்துப் பார்த்தாள்;
தொடக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இவன் கேட்க வந்தவனா, எடுக்க வந்தவனா?”

அதைத்தான் நானும் தேடுகிறேன் என்றேன்.

“கை இருந்தால் தெரிந்திருக்குமா?”

தெரிந்திருக்கும்.

“பிராமாணிக்குக்குக் கை இரண்டும் முழுசாகத்தான் இருந்தது,”
என்றாள்.

அவள் போன பிறகு
‘திரி’யை அடித்துவிட்டு
விஷ்ணு என்று மட்டும் எழுதினேன்.
அதுவும் தப்பு.
விஷ்ணு என்பதும் இருபத்துநான்கில் ஒருவர்;
அவருக்கு வேறு வரிசை.
பெயர்க் கட்டத்தை ரப்பரும் பிளேடும் வைத்துச் சுரண்டியதில்
தாள் ஓட்டையாகி
அடுத்த பக்கத்து யாருடைய எண்ணோ தெரிந்தது.

ஏழாவது கட்டத்தில் பென்சிலால் சேர்த்தேன்:
‘முன்பு கிஸ்கு வயல் என்று ஒருவர் கூறுகிறார்.’
மேலதிகாரி திங்கட்கிழமை வருவார்.
பென்சில் எதற்கு என்பார்.

எடையில் சந்தேகமில்லை.
மொக்லேசும் நானும் காவலாளியும்
மூச்சைப் பிடித்துத் தராசில் ஏற்றினோம்:
நூற்றுப் பன்னிரண்டு கிலோ,
கைகள் நீங்கலாக.