முதுகுப் பழக்கம்

டீன் ஓல்ட்ராய்டோடு எனக்கு
முகப்பழக்கம் இல்லை.
முதுகுப் பழக்கம்தான்.

பதினேழு ஆண்டுகளில் பதினோரு ஆட்டங்கள்.
ஒவ்வொரு முறையும் வேறு சட்டை:
ராச்டேலின் நீலம், கிரிம்ஸ்பியின் கறுப்பு வெள்ளைக் கோடு,
டோர்கீயின் மஞ்சள்,
பிறகு மழை ஊசியாய் இறங்கிய ஒரு செவ்வாய் இரவு,
எவருக்கும் வேண்டாத ஒரு கோப்பைக்காக,
யாருடைய சட்டை என்று நினைவில்லை.
எண் மட்டும் ஒன்பது.
ஒருமுறை முப்பத்திரண்டு.

நான் தடுப்பவன்.
அவன் பின்னால் நிற்பதற்குச் சம்பளம் வாங்கியவன்.
கார்னர் கொடியருகே எவனாவது கை தூக்கினால்
அவன் இடது தோள் ஓர் அங்குலம் இறங்கும்,
இருட்டில் படியைத் தேடுகிறவன்போல்.
அப்படியென்றால் வலப்பக்கம் ஓடப்போகிறான்.
இதைக் கண்டுகொள்ள எனக்கு மூன்று ஆட்டம் ஆயிற்று.
நான் கண்டுகொண்டதை
நான்காவதில் அவன் கண்டுகொண்டான்.
தோளை இறக்கிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றான்.
நான் மட்டும் ஓடினேன்.
பந்து அவன் நெற்றிக்கு வந்து சேர்ந்தது,
வீடு மாறிப் போனவனை
விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்த கடிதம்போல்.

கடனுக்கு விடுவார்கள் அவனை.
ஏணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதுபோல்
ஒரு மாதம், மூன்று மாதம்.
சிலர் பழுதாக்கித் திருப்பினார்கள்.
வட்டி என்று யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

பேசிக்கொண்டது கொஞ்சம்.
"வெங்காயம் தின்றாயா?" என்றான், டார்லிங்டனில்.
"மகள் பிறந்திருக்கிறாள்" என்றான் இன்னொரு முறை,
ஃப்ரீ கிக்குக்குக் காத்திருக்கையில், திரும்பாமலே.
வாழ்த்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
அதற்குள் பந்து வந்துவிட்டது.
அவன் முழங்கை என் பல்லில்.
இது கட்டிய பல்.
அவளுக்கு இப்போது இருபத்துநான்கு இருக்கும்.

அவனுடைய இருபத்தாறாவது வயதில்
பெரிய கிளப் ஒன்று ஆளனுப்பியிருந்தது.
ஒட்டக நிறக் கோட்டோடு ஒரு மனிதர்
இயக்குநர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.
மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும்.
அன்றுதான் நான் என் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடினேன்.
எழுபதாவது நிமிடம் நிமிர்ந்து பார்த்தேன்.
அந்த நாற்காலியில் தேநீர்க் கோப்பை மட்டும்.
அவனும் பார்த்திருப்பான்.
அடுத்த பந்துக்கும் ஓடினான்.

பிறகு ஒரே ஒரு குளிர்காலம், ஆறு வாரம், ஒரே அணி.
மேனேஜர் கிளெக் எங்களைச் சேர்த்து நிறுத்தியபோது
கையை எங்கே வைப்பதென்று இருவருக்குமே புரியவில்லை.
பயிற்சியில் நான் பந்தை அவனுக்கு அனுப்புவேன்.
நம்ப மாட்டான்.
உடை மாற்றும் அறையில் எதிரெதிர் பெஞ்ச்.
அங்கேதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்:
கண்ணாடி போட்டுக்கொண்டு
ஏதோ காப்பீட்டுப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான்.
'இதுவரை வசித்த முகவரிகள்' என்ற கட்டத்தில்
இடம் போதாமல்
தாளைத் திருப்பிப் பின்பக்கம் தொடர்ந்தான்.
ஆறு வாரத்தில் ஒரு கோல். தொடையில் பட்டு உருண்டது.
அதையும் எண்ணிக்கொண்டான்: நூற்று முப்பத்தொன்று.
புதன்கிழமை ஹார்ட்லிபூலிலிருந்து தொலைபேசி.
வியாழக்கிழமை அவன் கொக்கி காலி.

போன வாரம் எங்கள் மாடியறைக்கு
விரிப்புப் போட இரண்டு பேர் வந்தார்கள்.
பையன் வேனில் பசை தேடிக்கொண்டிருக்க,
மூத்தவர் சுருளின் முன்பக்கத்தைத் தோளில் ஏற்றிப்
படியில் கால் வைத்தார்.
தொப்பி, முகக்கவசம், தூசி.
பின்முனையை நான் பிடித்தேன்.
குறுகல் படிக்கட்டு. வளைவில் நின்றார்.
இடது தோள் ஓர் அங்குலம் இறங்கியது.

என் வலது கை
என்னைக் கேட்காமல் போய்
அவன் சட்டையைப் பிடித்தது.
சுருள் நழுவி என் கால்மேல் விழுந்தது.

அவன் திரும்பவில்லை.
"ரெஃப்ரி," என்றான் ஆளில்லாத மாடியைப் பார்த்து,
"இதெல்லாம் உங்கள் கண்ணில் படாதா?"