தலைச் சுற்றளவு

பெட்டியிலை ஒட்டின துண்டிலை உனக்குப் பேர் இல்லை.
திலுக்சிகாவின் குழந்தை.
இருபத்தேழு கிழமை.
தொளாயிரத்து நாற்பது கிராம்.

மூண்டாம் நாள்
எலும்பு மூடாத உன்ரை உச்சிக்குழியிலை
ஜெல் பூசிக் கருவியை வைச்சா டொக்டர்.
கறுப்பாய் இருக்கவேண்டிய இடத்திலை வெள்ளை.
"ரத்தம் கசிஞ்சிருக்கு, ரெண்டு பக்கமும்.
இடப்பக்கம் கொஞ்சம் கூட."

திருநெல்வேலிச் சந்தியிலை
பத்து வருசமாய்ப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைக்கிறன்.
ஊசி குத்தி ஒரு பொட்டு விழுந்தாலும் பதறி ஓடிக் கழுவுவன்.
இஞ்சை
வெள்ளைதான் ரத்தம் எண்டு விளங்க
எனக்குக் கனநேரம் எடுத்தது.

"மூளை ஏன் இப்பிடி வழுவழுப்பாய்க் கிடக்கு?"
"மடிப்பு விழுற காலம் இனித்தான்.
கடைசி மூண்டு மாதம்."
அது எனக்குத் தெரியும்.
மடிப்புக்குத் துணி விட்டுத்தான் வெட்டவேணும்,
வெட்டினாப் பிறகு விட ஏலாது.
இதை நான் டொக்டரிட்டைச் சொல்லேல்லை.

மெசின் மிதிச்சதாலையோ எண்டு கேட்டன்.
இல்லை எண்டா.
அடுத்த நாளும் கேட்டன்.
மூண்டாந்தரம் அவ பதில் சொல்லாமல்
என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா,
மருந்துத் தண்ணி மணக்க.

அதுக்குப் பிறகு எல்லாம் ரேப்தான்.
விடிய விடியத் தாதி
கடதாசி நாடாவை உன் நெத்தியாலை சுத்திக் கொண்டுவருவா.
இருபத்தஞ்சு.
இருபத்தஞ்சு தசம் ஒண்டு.
இருபத்தஞ்சு தசம் நாலு.
உள்ளை நீர் கட்டினால் தலை பெருக்குமாம்.

பகீதரன் லொறியிலை இருந்து எடுப்பான்.
வவுனியா, மதவாச்சி, எங்கையெண்டாலும்
"எத்தினை?"
சொல்லுவன்.
அங்காலை காத்துச் சத்தம் மட்டும் கேக்கும்.

நிறை கூடவேணும், தலை கூடக்கூடாது.
எந்தத் தாய் இப்பிடி நேந்திருப்பாள்?
வாயைத் திறந்து கேட்கக் கூச்சமாய்க் கிடந்தது,
பிள்ளையை வளரவிடாதை எண்டு
கேட்டமாதிரிக் கடவுளுக்கு விளங்கிப்போடுமோ எண்டு.

மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்
ரெண்டு மில்லி பால், குழாயாலை.
பிறகு கொஞ்சநேரம்
துவாரத்துக்குள்ளாலை கையை விடலாம்.
பத்து வருசம் அளந்த கை.
உன்ரை தலையைப் பொத்திக்கொண்டு
ஒண்டையும் அளக்காமல் கிடக்குது.
சூடாய் இருக்கிறாய்.
தோலுக்குக் கீழை ஏதோ துடிக்குது,
உன்னுடையதோ என்ரை விரலோ தெரியேல்லை.

தாதி நாடாவோடை வாறா.
கையை எடுக்கவேணும்.
எடுக்கிறன்.