லைன் கிளியர்

நெற்குப்பை ஊருணித் தெரு, ஆறாம் நம்பர் கம்பம்.
புளியங்கிளை லைனில் உரசுது என்று ஐந்து மனு.
ஐந்திலும் ஒரே கையெழுத்து:
மாவுக்கடை உமையாள்.

மார்கழிப் பனி விலகாத காலை.
கோயில் ஸ்பீக்கர்கூட இந்த மரத்துக்கு
முதுகைக் காட்டித்தான் பாடுகிறது.
கீழே தெருவெல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல எச்சம்,
யாருடையதென்று தெரியாத ஒரு வெள்ளை ஸ்கூட்டர்,
கிட்டப் போனால் அது கறுப்பு.
நாற்றத்தைச் சொல்லவா?
ஊருணியே மரத்திலேறி அழுகின மாதிரி.

அரிவாளை இடுப்பில் செருகி ஏறினேன்.
வெட்ட வேண்டிய கிளையில் கூடு.
கூட்டில் மூன்று, நத்தைக்குத்தி நாரைக் குஞ்சுகள்,
தலையில் பஞ்சு, மற்றதெல்லாம் வாய்.
கையை நீட்டியதும் ஒன்று
தின்ற நத்தை மொத்தத்தையும்
என் ரப்பர் கையுறையில் கக்கியது.
பயந்தால் இதுகள் அப்படித்தானாம்.
முதன்முதலாகக் கம்பம் ஏறிய அன்றைக்கு
நானும் அப்படித்தான்.

"வெட்டினா கேஸு" என்றான் கீழிருந்து
வாட்ச்சர் சேவுகன்.
எந்தச் சட்டம், எத்தனை வருசம், எல்லாம் சொன்னான்.
"வெட்டாட்டிச் சாவு" என்றேன்.
நேற்றுச் சாயங்காலம்தான்
இறக்கை அகட்டி இறங்கிய ஒன்று
இரண்டு கம்பியையும் சேர்த்துத் தொட்டிருக்கிறது.
கருகியதைச் சாக்கில் சுற்றி
ஊருணிக்கரையில் புதைத்தது உமையாளாம்.
மனுவில் அது இல்லை.

முழங்கைவரை மாவோடு வெளியே வந்தாள்.
"கிளைய விடு. கரண்ட வெட்டு."
எத்தனை நாளைக்கு?
"ஒறை போட்ட கம்பி வர்ற மட்டும்."
அது சிவகங்கையிலிருந்து வரணும்.
"வரட்டும்."
கிரைண்டர்?
"அதுக்கு ஒன்னையா கேட்டேன்?"
உள்ளே போகிறபோது திரும்பாமலே:
"நாத்தத்துக்கு ஆறாவது மனு வரும், பாத்துக்க."

அந்த முனையில் நாலே வீடு.
மற்ற மூன்று வாசலிலும் நின்றவர்கள்
அவள் முகத்தைப் பார்த்துவிட்டு
பேசாமல் உள்ளே போனார்கள்.
ஒருத்தர் மட்டும், "கிரிக்கெட் இருக்கே இன்னிக்கு" என்றார்,
என்னிடம் இல்லை, மரத்திடம்.

ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டேன்.
நோட்டில் காரணம் என்ற கட்டம் ரொம்பச் சின்னது.
யோசித்துவிட்டு, பராமரிப்பு என்று எழுதினேன்.

சைக்கிளை எடுக்கும்போது தாய் நாரை வந்தது.
அவசரத்தில் நிலை தவறி
இரண்டு கம்பியிலும் இறக்கை பட விரித்தது.
பதினெட்டு வருசப் பழக்கம்,
என் உடம்பு கூசிக் கண் மூடிக்கொண்டது.

திறந்தால்
அது கால் மாற்றி நின்றுகொண்டிருந்தது,
கம்பி வெறும் கம்பியாக இருந்தது.