ஏழாம் பெட்டி

பயிற்சிக் காலத்தில் நீங்கள் பெற்ற திறன்கள் யாவை?
நூற்றைம்பது சொற்களுக்குக் குறையாமல்.
நேற்றிரவிலிருந்து காலியாகக் கிடக்கிறது
படிவத்தின் ஏழாம் பெட்டி.

ஆறுவரை எளிது.
பெயர்: இஷ்பெல் ரென்னி.
முனைவர் பட்டம், மூன்றாம் ஆண்டு:
பார்லி வேர்களில் உப்பு அழுத்தம்.
பணியிடம்: அபர்டீன் நகராட்சி,
சாலைத் துறை, குளிர்காலப் பிரிவு.
மூன்று மாதம்.
ஆய்வோடு தொடர்பு உண்டா? இல்லை.
இருக்கக் கூடாது என்பதே விதி.

விதிக்குத் தெரியாது,
அங்கே கொட்டகைக்குள் கூரை முட்ட
உப்புதான் குவிந்திருந்தது என்று.
பழுப்பு உப்பு, சுரங்கத்து உப்பு, கல்லும் மண்ணுமாய்.
ஆய்வகத்தில் சிட்டிகை சிட்டிகையாய் நிறுப்பேன்,
தராசு நடுங்காதிருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு.
இங்கே இயந்திரம் வாரிக் கொட்டுகிறது,
ஓட்டுநர் வாயில் பாதி ரொட்டி.

"மூன்று மாதம் தண்டம்" என்றார் என் நெறியாளர் லம்ஸ்டன்.
கையெழுத்திட்டார்.
பேனாவை மூடாமலே அடுத்த தாளுக்குப் போனார்.

உப்பை உணர்ந்தால் வேர்நுனி விலகி வளையும்.
ஓர் இரவில் சில பாகை.
அதைப் படமெடுத்துப் படமெடுத்தே
எனக்கு இருபத்தேழு ஆகிவிட்டது.

ஷோனா புக்கனுக்கு இருபத்திரண்டு.
பதினாறில் பள்ளியை விட்டவள்.
அவள் முன்னால் மூன்று திரை, இரண்டு தொலைபேசி,
தாருக்கடியில் புதைந்த உணரிகள் அனுப்பும் எண்கள்.
மூன்றே முக்காலுக்குத் தொடங்கும் அழைப்புகள்.
டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர்.
ரொட்டி சுடுபவர்.
எங்கள் சரிவுக்கு வண்டி வந்து நாலு நாளாச்சு என்று
ஒருத்தி கெட்ட வார்த்தையில் திட்டி முடித்து
நன்றி சொல்லி வைத்தாள்.

என் வேலை ஒரு பட்டியல்.
பதினெட்டு வண்டி, தொள்ளாயிரம் தெரு,
எது முதலில்.
சரியான பட்டியல்தானா என்று எப்படித் தெரியும்?
இரண்டாம் வாரம் கேட்டேன்:
ஒப்பிட்டுப் பார்க்க
ஒரு தெருவை உப்பில்லாமல் விடலாமா?
ஒரே ஒரு தெரு. ஒரே ஒரு வாரம்.

ஷோனா திரையிலிருந்து தலை திருப்பவில்லை.
"எந்தத் தெரு?"

வரைபடத்தில் விரல் வைத்தேன். எடுத்தேன்.
இன்னொன்றில் வைத்தேன், அங்கே மழலையர் பள்ளி.
மூன்றாவதில் நான் குடியிருந்தேன்.

"விட்டுத்தான் வச்சிருக்கோம்" என்றாள்.
"அறுநூறு. உன் பட்டியலோட அடியில."

அந்த அறுநூற்றையும்
விழுந்தவர்கள் பதிவேட்டோடு பொருத்தப் பிப்ரவரி போயிற்று.
மணிக்கட்டு, மணிக்கட்டு, இடுப்பு,
தபால்காரர் ஒருவரின் இரண்டு முன்பற்கள்.
இரண்டு தெருக்கள் மேலே ஏறின.
ஏறினால் இரண்டு இறங்க வேண்டும்,
வண்டி பதினெட்டுதான்.
ஏறியவை மறந்துவிட்டன.
இறங்கியவற்றின் பெயர் மனப்பாடம்.

மார்ச்சில் சாலையோரப் புல் கருகியிருந்தது.
பழக்க தோஷம், குனிந்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன்.
வேர் எந்தப் பக்கமும் வளையவில்லை.
எந்தப் பக்கம்தான் வளையும்?
ஷோனாவிடம் காட்டவில்லை.
அவள் விடுப்பில் இருந்தாள், அவ்வளவுதான் காரணம்
என்று சொல்லிக்கொண்டேன்.

"வந்தாயிற்றா, தட்டுகள் எல்லாம் காய்ந்து கிடக்கின்றன"
என்றார் லம்ஸ்டன்.
புதிதாய் நாற்பது தட்டு ஊற்றினேன்.
உப்பில்லாத தட்டுகளின் மூடியில்
சுழியம் போட வேண்டும்.
முதல் சுழியத்தில் கை நின்றது.
பிறகு போட்டேன்,
நாற்பதில் பத்துக்கும்.

நாளை கடைசி நாள்.
தகவல் தொடர்பு, குழுப் பணி, தரவுப் பகுப்பாய்வு
என்று எழுதி அழித்தேன்.
பொய்யில்லை. உப்புச் சப்பும் இல்லை.

இப்போது பெட்டியில் இருப்பது:
நான்கு மணிக்கு விழிப்பு வருகிறது.
எழுந்து தார் மின்னுகிறதா என்று பார்க்கிறேன்.

இன்னும் நூற்று நாற்பத்தொரு சொற்கள் தேவை
என்கிறது, சிவப்பில்.