கூடக்குறைய

மியூசியத்தின் பின்வாசலில்
ஐசியை வாங்கிக்கொண்டுதான் பாஸ் கொடுக்கிறார்கள்.
காவலுக்கு இருந்த ரொஹானி அக்கா
என் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்,
மறுபடி முன்பக்கம் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நீல அட்டைகள் அடுக்கியிருந்த மரப்பெட்டியில்
சிவப்பாக ஒன்றைச் செருகினார்.

கூரையில் ஏர்கோன் ஒழுகுகிறதாம், இரண்டு நாளாக.
கீழே என்ன சாமான் என்று கேட்டேன்.
"பாத்து" என்றார் ஸலேஹா மேடம்.
கல்.
பத்துமலையில் நாம் பத்து என்று எண்ணுகிறோமே,
அதே பாத்து.

கல்மேல் ஆள் இல்லை.
முழங்கால் உயரப் பீடம், நடுவில் சதுரக் குழி,
யாரோ காலூன்றி நின்ற இடம்.
சீட்டில் மலாயில் எழுதியிருந்தது:
மெர்போக் ஆற்றோரம் கிடைத்தது.
காலம், லெபே கூராங், ஏழாம் நூற்றாண்டு.
கூடக்குறைய.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வேறு.
நின்றவர் யாரென்று தெரியவில்லை.
அவ்வளவுதான். விளக்கு போட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் தைப்பிங் பக்கம் பிறந்தேன்.
மழை கொட்டிய இரவு;
விடிந்தால் மரம் வெட்டப் போக வேண்டாம் என்று
வலியிலும் அம்மாவுக்குச் சந்தோஷமாம்.
பதிகிறேன் என்ற கிராணி பதியவில்லை.
லயம் இருந்த இடத்தில் இப்போது கோல்ப் ஆடுகிறார்கள்.
புத்ராஜெயாவில் ஏழாவது கவுண்டரில்
சாட்சி உண்டா என்றார்கள்.
மழை என்றேன்.
அந்தப் பெண் சிரித்துவிட்டு
அடுத்த நம்பரை அழுத்தினாள்.

ஏணியைக் கியென் வா பிடித்துக்கொண்டான்.
மூடியைக் கழற்றினேன். வடிகுழாயில் பாசி.
வழக்கமான வியாதி, கால் மணி நேர வேலை.
அதற்குள் கீழே சொட்டிக்கொண்டே இருந்தது,
குறிபார்த்தது போல அந்தக் குழிக்குள்.
குழி நிறைந்தது.
மேல்தளத்தில் பரவியது.
ஸலேஹா மேடம் துண்டு தேடி ஓடினார்.
இதோ தரைக்கு வரப்போகிறது என்று பார்த்தால்
வரவில்லை.

விளிம்போரம் ஒரு வாய்க்கால்,
விரல் அகலம், அதுவரை என் கண்ணில் படாதது.
நீர் அதைப் பிடித்தது.
ஒரு மூலை திரும்பி
இன்னொரு மூலை திரும்பி
பக்கவாட்டில் நீண்டிருந்த மூக்கு வழியாக
ஒற்றை நூலாய் இறங்கியது.

கியென் வா வாளியை அங்கே தள்ளினான்.
"பாஸ், இது பைப்" என்றான்.
ஆமாம், என் வேலைதான்.
என்னைவிட ஒழுங்காகச் செய்திருக்கிறான்.
சரிவு பார்த்திருக்கிறான்;
எங்கள் கம்பெனியில் பாதிப்பேர் பார்ப்பதில்லை.
எந்தக் கப்பலில் வந்தானோ,
இல்லை, அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்தவனோ,
சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

துண்டோடு திரும்பிவந்த ஸலேஹா மேடம்
துடைக்காமல் நின்றார்.
கடைசிச் சொட்டு மூக்கு நுனியில்
விழலாமா என்று யோசித்து
விழுந்தது.

வேலைச்சீட்டை நிரப்பினேன்.
காரணம்: பாசி. சேதம்: இல்லை.
முடிந்த நேரம் என்ற இடத்தில்
லெபே கூராங் எட்டேகால் என்று எழுதினேன்.
சரியாகச் சொல் என்று அவர் கேட்கவில்லை.
கையெழுத்துப் போட்டார்.

பின்வாசலில் பாஸைத் திருப்பிக் கொடுத்தேன்.
அதற்குள் பெட்டி நிறைந்திருந்தது,
காலை ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.
ரொஹானி அக்கா பெயர்கூடக் கேட்கவில்லை.
என்னுடையதைத் தேட வேண்டியிருக்கவில்லை.